தலையில் வைத்த கை

விசில் அடிச்சால்தான் விடுவாவாம். மஞ்சள் ஜாக்கெட் போட்ட இந்த மனிசி, நெஞ்சில டொரீன் எண்டு பேர் குத்தியிருக்கு, எழுபது வயதுக்குக் குறையாது, படிவாசலுக்குக் குறுக்கால ஒரு கறுத்த நாடாவை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. நான் நாடாவுக்கு இஞ்சால. ஐஸ் அங்கால. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கேக்க ஒருத்தரும் படியில இறங்கப்படாது, இருக்கிற ஆக்களுக்கு மறைக்கும், பக் எண்ட அந்தக் கட்டி ரப்பர் வட்டு பறந்து வந்து மண்டையில விழுந்தாலும் விழும், விசில் ஊதி ஆட்டம் நிண்டால் மட்டும்தான் நாடாவை விடுவினம், அதுதான் ஐஸ் ஹொக்கியின்ர வழக்கம். எனக்குத் தெரியாததே, பதினெட்டு வருசமா இந்தக் குளிருக்குள்ள வந்து குந்தியிருக்கிறன். "கொஞ்சம் பொறுங்கோ டியர், இப்ப நிக்கும்" எண்டு சிரிக்கிறா. எங்க நிக்குது. மேல தொங்கிற மணிக்கூட்டில எட்டு நிமிசம் பதினொரு செக்கன் கிடக்கு, எட்டுப் பத்து, எட்டு ஒம்பது. நான் கழிப்பறைக்குப் போனனான் எண்டு என்ர மனிசன், இவர், நினைச்சுக்கொண்டிருப்பார். போனது உண்மைதான். போய்க் கதவைப் பூட்டிப்போட்டு நிண்டு அந்த வசனத்தை இங்கிலிசில நாலு தரம் சொல்லிப் பாத்தனான். என்ர மகள் சாம்பவிக்குத் தலையில அடிபட்டுப் பத்து நாள், உங்களுக்கு மறைக்கிறாள், அவளை வெளியில எடுங்கோ. அவ்வளவுதான். அதைக் கீழ பெஞ்சின்ர ஓரத்தில நிக்கிற டெனிஸிட்டச் சொல்லவேணும், டெனிஸ்தான் அணிக்கு வைத்தியம் பாக்கிற பெட்டை, அந்தா, துவாயைத் தோளில போட்டுக்கொண்டு, தண்ணிப் போத்தில்களை அடுக்கிக்கொண்டு நிக்கிறா, ஒண்டும் தெரியாமல். இருபத்தாறு படி. எண்ணிப் பாத்திட்டன். இருபத்தாறு படி இறங்கினால் கண்ணாடித் தடுப்பு முடியிற இடத்தில கையை நீட்டி அவவின்ர முதுகில தட்டலாம். இந்தக் கோதாரி விழுந்த நாடா.

பத்து நாளுக்கு முதல் பயிற்சி முடியிற நேரம், எல்லாரும் சாமானைப் பொறுக்கிக்கொண்டிருக்கேக்க, தன்ர அணிப் பிள்ளை ஒண்டோடயே முட்டுப்பட்டுப் பின்மண்டை சுத்துப் பலகையில அடிபட்டதாம். ஒருத்தரும் பாக்கேல்லையாம். எழும்பிச் சிரிச்சவளாம். சிரிப்பாள், சிரிக்காமல் என்ன, அவளின்ர பரம்பரையே அடிபட்டால் சிரிக்கிற பரம்பரைதானே. வீட்ட வந்து கராஜுக்குள்ள காரை விட்டுப்போட்டு இறங்கேல்லை. நான் உடுப்புத் தோய்க்கிற கூடையோட கீழ இறங்கினால் காருக்குள்ள ஒரு உருவம். "அம்மா, லைற்றை நூருங்கோ, கண் கூசுது" எண்டாள். நூத்தன். இருட்டுக்குள்ள நிண்டு கதைச்சனாங்கள், நான் கூடையைக் கீழ வைக்கக்கூட மறந்துபோனன். எல்லாத்தையும் சொன்னாள், சொல்லிப்போட்டு, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ எண்டாள். சரி சரி, சொல்லேல்லை எண்டன். "அப்பிடியில்லை. என்ர தலையில கை வைச்சுப் பண்ணுங்கோ." அதை ஆர் பழக்கினது, நான்தானே பழக்கினது. சின்னனில சீனிப் போத்திலுக்குள்ள கையை விட்டால், அம்மாவின்ர தலையில கை வைச்சுச் சொல்லு, எடுக்கேல்லையோ எண்டு கேப்பன், பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு வந்து தலைக்குக் கிட்டக் கொண்டுவந்து, அம்மா செத்துப் போவா எண்ட பயத்தில விக்கி விக்கி அழுதுகொண்டு உண்மையைச் சொல்லிப்போடும். பெரிய சாமர்த்தியம் எண்டு நான் அதைத் தங்கச்சிக்குப் ஃபோன் பண்ணி வேற சொல்லுவன். இப்ப என்ர ஆயுதத்தை எனக்கே நீட்டினாள். நானும் விசரி மாதிரிக் கையை வைச்சன். வைச்ச இடத்தில வீக்கம். ஒரு தேசிக்காய் அளவு, சூடா, மயிருக்குள்ள. அந்த வீக்கத்தில கையை வைச்சுக்கொண்டு சத்தியம் பண்ணினன். இப்ப சொன்னால் அந்தத் தலைக்கு ஏதும் வரும். சொல்லாட்டிலும் அந்தத் தலைக்குத்தான் வரும். ஏழு நிமிசம் இருபது செக்கன். விசில் இல்லை.

நான் படிக்காத மனிசியெண்டால் பரவாயில்லை, எனக்கு உது தெரியும். முதியோர் இல்லத்தில பதினாலு வருசம் வேலை செய்யிறன். ஒரு கிழவி கட்டிலால சறுக்கி இருந்தெழும்பினாலே ஓடிப்போய்த் தாளில எழுதவேணும், எத்தினை மணி, எந்தப் பக்கம், தலை அடிபட்டதோ, கண்ணுக்குள்ள லைற் அடிச்சுப் பாக்கவேணும், கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா பேர் என்ன, இண்டைக்கு என்ன நாள் எண்டு கேக்கவேணும். நான் இதுவரைக்கும் ஒரு விழுகையையும் எழுதாமல் விட்டதில்லை. வேலைக்குப் புதுசா வாற பிள்ளையளுக்கும் நான்தான் சொல்லிக் குடுக்கிறனான், மறைச்சால் கொலைக்குச் சமன் எண்டு கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவன். அந்த வாயாலதான் வீட்டில பத்து நாளா, ஒண்டுமில்லை, பிள்ளைக்குத் தடிமன், தலையிடி, படுக்க விடுங்கோ எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். மூண்டாம் நாள் சாப்பாட்டு மேசையில இருந்துகொண்டு, அப்பா வந்திட்டாரோ எண்டு கேட்டாள். அப்பா முன்னுக்கு இருந்து புட்டுக் குழைக்கிறார். ரெண்டு தரம் கேட்டாள். அவர் பகிடி எண்டு நினைச்சு, "இன்னும் வரேல்லை, வந்தால் அடி விழும்" எண்டு சிரிச்சவர். நானும் சிரிச்சன். சிரிச்சுக்கொண்டே எழும்பிப் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நிண்டன். அதுக்கு அடுத்த நாள் டெனிஸுக்கே ஏதோ சந்தேகம் வந்து, முகம் சரியில்லை எண்டு கொம்பியூட்டரில இருத்திச் சோதிச்சவவாம். அதில தப்பின கதைதான் பெரிய கதை. நவம்பர் மாதம், சீசன் தொடங்க முதல், எல்லாருக்கும் ஒரு சோதினை வைப்பினம், படம் காட்டுவினம், நினைவிருக்கோ எண்டு கேப்பினம், எவ்வளவு கெதியாப் பட்டனை அமத்துறீங்கள் எண்டு பாப்பினம். பிறகு தலையில அடிபட்டால் அந்தப் பழைய மார்க்கோட ஒப்பிட்டுத்தான் முடிவெடுப்பினம். பழைய ஆட்டக்காரியள் புதுசுகளுக்குச் சொல்லிக் குடுக்கிற முதல் பாடமே அதில வேணுமெண்டு பிழை விடுறதுதானாம், மெதுவா அமத்தவேணுமாம், ரெண்டு மூண்டைத் தெரியாத மாதிரி விடவேணுமாம், அப்பதான் பிறகு அடிபட்டாலும் மார்க் சரியா வருமாம். நவம்பரில அந்தச் சோதினை நடந்த அண்டைக்கு இரவு வந்து நடிச்சுக் காட்டினாள், கண்ணைச் சொருகிக்கொண்டு, ஒரு விரலால, பேயன் மாதிரி. நாங்கள் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சனாங்கள். நான்தான் சொன்னன், கெட்டிக்காரி எண்டு. என்ர இந்த வாயாலதான் சொன்னன். போன கிழமை மண்டை வீங்கிப்போய்ப் போய் இருந்து அமத்தினவளுக்கு நவம்பர் மாதத்தை விட ரெண்டு மார்க் கூட வந்ததாம். டெனிஸ் முதுகில தட்டி அனுப்பிவிட்டவவாம். ரெண்டு மார்க் கூட. நாசமாப் போன சோதினை.

"உங்கட ஆள் ஆரும் விளையாடினமோ டியர்?" எண்டு டொரீன் கேக்கிறா. பதினாறாம் நம்பர் எண்டு சொல்லுறன். மனிசிக்கு முகம் மலருது, ஐயோ அந்த நீளப் பேர்க்காரியோ, நான் அவவின்ர விசிறி எண்டு என்ர கையைப் பிடிக்கிறா. நீளப் பேர்தான். அவளின்ர முதுகில இவரின்ர பேர் இருக்கு, தில்லையம்பலம், தகப்பன் பேரைத்தானே பின்னுக்குப் போடுறது, இங்கிலிஸ் எழுத்தில அது ஒரு தோளில தொடங்கி மற்றத் தோள் வரைக்கும் வளைஞ்சு போகுது, உடுப்புத் தைக்கிறவைக்கு இடம் காணாமல் எழுத்தைச் சின்னனாக்கினவையாம். கூட விளையாடுறவை தில்லி எண்டு கூப்பிடுவினம். ஜனவரியில முதலாவது ஆட்டம், அந்த முதுகு ஐஸில இறங்கினதைப் பாத்திட்டு இவர் தேம்பித் தேம்பி அழுதவர். யாழ்ப்பாணத்தில தன்ர பேரை ஒரு பள்ளிக்கூடப் பலகையில கூட எழுதேல்லையாம், இஞ்ச எண்ணாயிரம் சனம் வாசிக்குதாம். எனக்குப் பக்கத்தில இருந்த ஒரு வெள்ளைக்கார மனிசியும் அழுதா, அவ சின்ன வயசில பொம்பிளைப் பிள்ளையளுக்கு அணி இல்லையெண்டு தமையனின்ர பேரில முடியை வெட்டிக்கொண்டு விளையாடினவவாம். எல்லாரும் அழுதவை. இது முதலாவது சீசன், அணிக்குப் பேர்கூட இன்னும் வைக்கேல்லை, சட்டையில ஊரின்ர பேர் மட்டும்தான் கிடக்கு, ஆனால் டிக்கெட் இல்லை, சின்னப் பெட்டையள் மட்டையில பேர் எழுதிப் பிடிச்சுக்கொண்டு நிக்குதுகள், தில்லி, தில்லி எண்டு. இதுக்கு முதல் அவள் ரயர்க் கடையில வேலை செய்து கொண்டு விளையாடினவள், பாக்கிறதுக்கு நாங்கள் ரெண்டு பேரும் அந்த வாசலைக் கூட்டுற ஆளும்தான் இருப்பம். இந்த வருசம்தான் முதன்முதலா, காலமை பையைத் தூக்கிக்கொண்டு, "அம்மா, வேலைக்குப் போயிட்டு வாறன்" எண்டு சொன்னவள். வேலைக்கு. அந்தச் சொல்லைச் சொல்லேக்க அவளின்ர முகத்தைப் பாக்கவேணும். அதை நான் எப்பிடிப் பறிக்கிறது. ஒரு வருச ஒப்பந்தம், இருபத்திமூண்டு பேர், வெளியில நூறு பேர் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு காத்திருக்குதுகள், தலை பழுது எண்டு ஒருக்கா எழுதினால் அடுத்த வருசம் ஆர் கூப்பிடப் போறான். இண்டைக்குக் கடைசி ஆட்டம், நாங்கள் ரெண்டு, அவை ஒண்டு, வெண்டால் இறுதிச் சுற்று. இறுதிச் சுற்று எண்டால் இன்னும் ஆட்டம். இன்னும் இடி. ஆறு நிமிசம் கிடக்கு, ஒண்டும் நிக்கேல்லை, பக் அங்க போகுது, இஞ்ச வருது, அங்க போகுது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் ஆசைதான். வேலையில கிழவியளுக்குப் படம் காட்டுவன், என்ர மகள், பாருங்கோ, என்ர மகள் எண்டு. சத்தியத்துக்குப் பயந்து மட்டும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கேல்லை, அது எனக்குத் தெரியும், டொரீனுக்குத் தெரியாது.

அந்தா ஏறியிட்டாள். தடுப்பைத் தாண்டிக் குதிச்சு இறங்கிறாள், பதினாறு, தில்லையம்பலம் வளைஞ்சுகொண்டு போகுது. நாலரை நிமிசம். நான் கண்ணை மூடிக்கொள்ளுறன், மூடினால் சத்தம் இன்னும் கூடக் கேக்குது, பலகையில ஒண்டு மோதிற சத்தம், கதவை அடிச்சுச் சாத்தின மாதிரி, அது அவளோ, அவளில்லை, கண்ணைத் திறந்து பதினாறைத் தேடுறன், நிக்கிறாள். இவர் அங்க எங்கட வரிசையில எழும்பி நிண்டு ஃபோனில வீடியோ எடுக்கிறார், ஜேர்மனியில தம்பிக்கு, லண்டனில தங்கச்சிக்கு, எல்லாருக்கும் நேரடி ஒளிபரப்பு. அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நேர போய்க் கோச்சின்ர சட்டையைப் பிடிச்சிருப்பார், இல்லாட்டில் ஒண்டும் செய்யாமல் கட்டிலில கவுண்டு படுத்திருப்பார், ரெண்டில ஒண்டு. பிள்ளையாரே, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டுதானே சத்தியம் பண்ணினனான், எழுதிக் குடுத்தால் அது சொன்னதா வருமோ? தாளும் இல்லை, பேனையும் இல்லை. கையால காட்டினால்? தலையைத் தொட்டுக் காட்டினால் டெனிஸுக்கு விளங்கும். என்னை நானே ஏசுறன், என்ன கதை கதைக்கிறாய் மலர், பிள்ளையாரை ஏமாத்திறாய், பிள்ளையாருக்குத் தும்பிக்கை மட்டும்தான் நீளம் எண்டு நினைச்சியோ. சரி, நேர கேக்கிறன். சத்தியத்தை முறிச்ச பாவம் என்ர தலையில வரட்டும், அவளின்ரயில வேண்டாம். நூற்றெட்டுத் தேங்காய் அடிக்கிறன். அவள் தன்ர தலையில எண்டு கேட்டாள், நான் என்ர தலையில எண்டு மாத்தியிருந்தால் எவ்வளவு லேசா இருந்திருக்கும், அப்ப மூளை வேலை செய்யேல்லை. போன சனி ஒரு ஆட்டம், செவ்வாய் ஒரு ஆட்டம், ரெண்டையும் முழுக்க இருந்து பாத்தனான், மனதுக்குள்ள சொல்லிக்கொண்டு, இந்த ஒண்டோட சரி, இந்த ஒண்டோட சரி. இண்டைக்கு மூண்டாவது பீரியட், கடைசி இருபது நிமிசம், தொடங்கேக்க அவள் எதிரணியின்ர பெஞ்சை நோக்கிப் போனவள். ஒரு ஆறேழு அடி போனவள், பிறகு ஆரோ ஸ்டிக்கால தட்டித் திருப்பிவிட்டது. சனம் கவனிக்கேல்லை. இவர் கவனிக்கேல்லை. நான் எழும்பிக் கழிப்பறைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தன். "டொரீன், தயவுசெய்து விடுங்கோ, அவசரம்." "எல்லாருக்கும் அவசரம்தான் டியர், நான் விட்டால் என்ர வேலை போயிடும்." அவவுக்கும் வேலை. எல்லாருக்கும் வேலை. எனக்கு இந்த நாடாவைப் பிச்செறிஞ்சுபோட்டு ஓடலாம், ஒரு எழுபது வயது மனிசியைத் தள்ளிவிட எவ்வளவு நேரம், வேலையில நூற்றெண்பது இறாத்தல் கிழவனையெல்லாம் தூக்கிறனான். ஆனால் நிக்கிறன். நிக்கிறதுக்கு ஒரு சாட்டு இருக்கு, அந்தச் சாட்டு எனக்கு நல்ல வசதியாவும் கிடக்கு. விசில் அடிக்கேல்லை, நான் என்ன செய்ய. தூ.

விசில்.

எங்கட அணிப் பிள்ளை ஒண்டு மூச்சுவிட ஏலாமல் பக்கைத் தன்ர பாதியில இருந்து மற்ற அந்தம் வரைக்கும் அடிச்சு விட்டிட்டுது. அது பிழை, ஐசிங் எண்டு சொல்லுவினம், அதுக்குத் தண்டனை, அப்ப ஐஸில நிக்கிற ஆக்களை மாத்தேலாது, எவ்வளவு களைச்சாலும் அதே ஐஞ்சு பேரும் அங்கயே நிக்கவேணும். அந்த ஐஞ்சில ஒண்டு என்ர பிள்ளை. முழங்காலில கையை ஊண்டிக் குனிஞ்சுகொண்டு நிக்கிறாள், தலை கீழ தொங்குது. மூண்டு நிமிசம் ரெண்டு செக்கன். நாடா கீழ விழுது. "போங்கோ டியர்." ஒரு கணம் கால் எழும்பேல்லை, உண்மையாத்தான், பின்னுக்கு நிண்ட ஒரு மனிசன் பொப்கோர்ன் வாளியோட என்னைச் சுத்திக்கொண்டு போறான். பிறகு இறங்கிறன். படியை எண்ணேல்லை. கண்ணாடி முடியிற இடத்தில கையை நீட்டி டெனிஸின்ர முதுகில தட்டுறன், திரும்பினவவுக்கு என்னைத் தெரியும், சிரிக்கிறா, நாலு தரம் பாடமாக்கின வசனம் ஒண்டும் வரேல்லை. தலை எண்டன். சாம்பவி, தலை, பத்து நாள். அவவின்ர சிரிப்பு நிண்டுபோச்சு. வேற ஒண்டும் கேக்கேல்லை, திரும்பிக் கோச்சின்ர கைச்சட்டையைப் பிடிச்சிழுத்துக் காதுக்குள்ள சொல்லுறா, கோச் நடுவரைக் கையசைச்சுக் கூப்பிடுறா, காயப்பட்ட ஆளெண்டால் மட்டும் மாத்தலாமாம். பதினாறு எண்டு கூப்பிடினம். அவள் நிமிர்ந்து பெஞ்சைப் பாத்தாள். பெஞ்சுக்குப் பின்னால என்ர பச்சைக் குளிர்ச்சட்டை. பாத்த உடனை விளங்கியிட்டுது, நான் எதையும் சொல்லத் தேவையில்லை. வாயால ஒண்டு சொன்னாள், கண்ணாடிக்கு அங்கால, சத்தம் வரேல்லை. பிறகு மெதுவா வந்தாள். சின்னப் பெட்டையள் மட்டையை ஆட்டுதுகள், தில்லி, தில்லி எண்டு, அதுகளுக்கு என்ன தெரியும். என்னைத் தாண்டிப் போகேக்க முகத்தை அங்கால திருப்பிக்கொண்டாள். மூக்கால தண்ணி ஓடுது, அழுதாளோ வேர்வையோ தெரியாது. இனி என்னோட கதைக்கமாட்டாள். கதைக்காமல் விடட்டும், கதைக்காமல் ஒரு வருசம் இருக்கட்டும், பத்து வருசம் இருக்கட்டும், வீட்டுக்குள்ள நடந்து திரிஞ்சால் எனக்குக் காணும்.

சனம் இருக்கிற படியளுக்குக் கீழால போற நடைபாதையில ஒரு சின்ன அறை. காவல்காரன் என்னைத் தடுக்கப் பாத்தவன், டெனிஸ் தலையாட்டினதும் விட்டிட்டான், ஆனால் உள்ளுக்கு வரவேண்டாம் எண்டு டெனிஸ் கையால காட்டினவ. கதவை முழுக்கச் சாத்தேல்லை. லைற்றைக் குறைச்சிருக்கு. ரப்பர் விரிப்பில நிக்கிறன், வேர்வை நாத்தம், மேல சனத்தின்ர சத்தம் கூரையால இறங்கி வருது, ஒண்டும் தெளிவில்லை. கொம்பியூட்டர் ஒண்டும் இல்லை உள்ளுக்கு, ஒரு கட்டிலும் ஒரு கதிரையும்தான். "அவசரமில்லை தில்லி" எண்டு டெனிஸ் சொல்லுறா, "மாதங்களைக் கடைசியில இருந்து முதலுக்குச் சொல்லு பாப்பம்." "எனக்கு ஒண்டுமில்லை, அம்மாவுக்குப் பயம், சும்மா" எண்டு இங்கிலிசில எரிஞ்சு விழுறாள். "சரி. சொல்லு." "டிசம்பர்" எண்டாள் வெடுக்கெண்டு. "நவம்பர். ஒக்ரோபர். செப்ரெம்பர்." கடகடவெண்டு வருது, ஐயோ நான் பிழை விட்டிட்டனோ, பிள்ளைக்கு ஒண்டுமில்லையோ, ஒண்டுமில்லாத பிள்ளையைக் கடைசி மூண்டு நிமிசத்தில இழுத்துக்கொண்டு வந்திட்டனோ. "ஓகஸ்ட்." பிறகு சத்தம் இல்லை. மேல கொம்பு ஊதுது, நீளமா, ஆட்டம் முடிஞ்சுது, ஆர் வெண்டது எண்டு தெரியாது, கூரை இடிஞ்சு விழுற மாதிரிக் கத்துகினம். "ஓகஸ்ட்" எண்டு திரும்பவும் சொல்லுறாள், இந்த முறை மெதுவா, அதைத் தொட்டுப் பாக்கிற மாதிரி. ஜூலை. நான் அவளைப் பெத்த மாதம். ஜூலை, பிள்ளை, ஜூலை. "அம்மா" எண்டு கூப்பிடுறாள், தமிழில, கோவம் ஒண்டும் இல்லை, வீட்டில ஏதும் சாமானைக் காணேல்லையெண்டால் மாடியில நிண்டு கேப்பாளே, அப்பிடி. "அம்மா, பிறகு என்ன?" எனக்குத் தெரியும். நாக்கு நுனியில கிடக்கு. டெனிஸ் கதவிடுக்கால என்னைப் பாத்து மெல்லத் தலையை ஆட்டுறா, வேண்டாம் எண்டு. நான் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்துறன். "அம்மா, நிக்கிறீங்களோ?" கையை எடுத்து, "நிக்கிறன் பிள்ளை" எண்டு சொல்லுறன். வேற ஒண்டும் சொல்லேல்லை.